குடும்பக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து ஏற்றத்தாழ்வு, வறுமை, வருமான நகர்வு: அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தரவுக் கோப்பைத் திறந்த கையோடு, ஏற்றத்தாழ்வை 0 (எல்லோருக்கும் சமம்) முதல் 1 (எல்லாம் ஒருவருக்கே) வரை அளக்கும் கினி கெழுவுக்கான கட்டளையைத் தட்டிவிடுவதுதான் புதிதாக வருகிற பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை. எண் ஒன்று உடனே வந்துவிடும். அது எதைப் பற்றிய எண் என்று கேட்டால்தான் திணறல் தொடங்கும். குடும்பங்களுக்கு இடையே உள்ள வேறுபாடா, ஆட்களுக்கு இடையே உள்ளதா? வருமானமா, செலவா? எடை சேர்த்ததா, சேர்க்காததா? ஒரே தரவில் இவற்றுக்கு நீங்கள் தரும் பதிலைப் பொறுத்து 0.14 என்றும் வரும், 0.34 என்றும் வரும். ஐந்து குடும்பங்களை வைத்துக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஆகவே கணக்கைவிட வேலையின் வரிசைதான் இங்கே முக்கியம். இந்தியத் தரவுகளை வைத்து அந்த வரிசையில் போவோம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

ஏற்றத்தாழ்வு, வறுமை, நகர்வு மூன்றும் ஒன்றின் மூன்று பெயர்கள் அல்ல. ஏற்றத்தாழ்வு என்பது மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை எல்லோரையும் பற்றியது. வறுமை ஒரு கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் பார்க்கிறது. நகர்வு அதே ஆட்களை இரண்டு காலகட்டங்களில் பார்க்கிறது.

எல்லோருடைய வருமானமும் இரட்டிப்பானால் வறுமை குறையும், கினி அசையாது. ஏழைகளும் பணக்காரர்களும் இடம் மாறிக்கொண்டால் கினியும் வறுமை விகிதமும் அப்படியே நிற்கும், நகர்வோ மிகப் பெரிதாக இருக்கும். எந்தக் கேள்வி என்று எழுதி வைக்காமல் தரவைத் தேர்ந்தெடுத்தால், பாதி வழியில் அந்தத் தரவு உதவாது என்று தெரியவரும்.

2. கேள்விக்கேற்ற தரவை எடுங்கள்

தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2022-23-இல் சுமார் 2.6 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தது. மாதிரி பெரிது, பொருள் பட்டியல் நீளம். ஆனால் அதில் இருப்பது செலவு. குடும்பத்தின் மொத்த வருமானம் கிடையாது. அடுத்த கணக்கெடுப்பில் அதே குடும்பங்களைத் தேடிப் போவதும் கிடையாது. எனவே நுகர்வு ஏற்றத்தாழ்வுக்கும் வறுமைக்கும் அது சரி. நகர்வுக்கு உதவாது.

நகர்வுக்கு ஒரே குடும்பத்தை மறுபடி சந்தித்த தரவு வேண்டும். இலவசமாகக் கிடைப்பதில் என் முதல் தேர்வு ஐஎச்டிஎஸ் எனப்படும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு. மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 2004-05-இல் 41,554 குடும்பங்கள், 2011-12-இல் 42,152 குடும்பங்கள். முதல் சுற்றுக் குடும்பங்களில் 83 விழுக்காட்டினரை இரண்டாம் சுற்றில் மறுபடி பிடித்திருக்கிறார்கள். வருமானம், செலவு இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. செலவுப் பட்டியல் சுமார் 50 இனங்கள் கொண்ட சுருக்கப் பட்டியல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தேசிய மாதிரி ஆய்வின் பட்டியல் 2022-23-இல் 405 இனம்.

இரண்டு தனித்தனிக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, "கீழ்த்தட்டினர் மேலே வந்துவிட்டார்கள்" என்று எழுதுவது அடிக்கடி காணும் தவறு. கீழ் அடுக்கின் பங்கு கூடியிருக்கலாம். அந்த அடுக்கில் இன்று இருப்பவர்கள் அன்று இருந்தவர்கள்தானா என்று அந்தத் தரவால் சொல்ல முடியாது.

தரவோடு வரும் கேள்வித்தாளையும் குறியீட்டுப் புத்தகத்தையும் முழுக்கப் படியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அடுத்த நான்கு படிகளில் வரும் சந்தேகங்களில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

3. குடும்பம் யார் என்று உறுதி செய்யுங்கள்

பெரும்பாலான கணக்கெடுப்புகளில் குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். துபாயில் வேலை செய்யும் மகன் உறுப்பினர் கணக்கில் வரமாட்டார்; அவர் அனுப்பும் பணம் வருமானத்தில் வரும். இதைக் கவனிக்காமல் அவரையும் தலை எண்ணிக்கையில் சேர்த்தால் தலா வருமானம் பொய்யாகக் குறையும். பணத்தை விட்டுவிட்டாலும் அதே கதி.

அப்புறம், மொத்த வருமானத்தை எதால் வகுப்பது? இந்தியாவின் வறுமைக் கணக்கு தலா அடிப்படையில் நடக்கிறது. ஐரோப்பியக் கணக்குகளில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவர்களுக்கு 0.5, குழந்தைக்கு 0.3 என்ற அளவுகோல் வழக்கம். சேர்ந்து வாழ்ந்தால் வாடகை, விளக்கு போன்ற செலவு மிச்சமாகும் என்பது அதன் காரணம். உணவுக்கே பெரும்பகுதி போகிற குடும்பங்களில் அந்த மிச்சம் குறைவு. அதனால் இங்கே தலா அளவையே முதன்மையாக வைத்து, மற்றதைச் சோதனைக்காக ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. எண் பெரிதாக மாறினால் அதையும் எழுதிவிடுங்கள்.

4. வருமானத்தைக் கட்டி எழுப்புங்கள்

இந்த முழு வேலையிலும் அதிக நேரம் கேட்பது இந்தப் படி.

சம்பளம், கூலி, விவசாயம், கால்நடை, கடை அல்லது தொழில், வாடகை, வட்டி, ஓய்வூதியம், அரசு உதவி, வெளியிலிருந்து வரும் பணம் என்று இனம் இனமாகச் சேர்க்க வேண்டும். ஐஎச்டிஎஸ் கூட்டிய தொகையையும் தருகிறது. ஆனாலும் ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். எது உள்ளே, எது வெளியே என்று அப்போதுதான் தெரியும். கடன் வாங்கியது வருமானம் அல்ல. நகையை விற்ற பணமும் அல்ல. இவை இரண்டும் அடிக்கடி உள்ளே நுழைந்துவிடுகின்றன.

விவசாயத்தில் விற்றுவந்த தொகையிலிருந்து விதை, உரம், கூலி, தண்ணீர், வாடகை டிராக்டர் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துவைத்த நெல்லுக்கும் விலை போட்டுச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தன் நிலத்து அரிசியைச் சாப்பிடும் சிறு விவசாயி, கடையில் வாங்கிச் சாப்பிடும் கூலித் தொழிலாளியைவிட ஏழையாகத் தெரிவார்.

மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கழித்தலுக்குப் பிறகு வருமானம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சிலர் எதிர்மறை எண்களைத் தரவுப் பிழை என்று அழித்துவிடுகிறார்கள். சிலர் சத்தமில்லாமல் பூஜ்யமாக்குகிறார்கள். அவை பிழை அல்ல, நட்டம். அதே குடும்பங்களின் செலவைப் பாருங்கள்: பலர் நடுத்தரக் குடும்பங்களைப் போலவே செலவு செய்திருப்பார்கள். ஓராண்டு நட்டத்தைச் சேமிப்பாலும் கடனாலும் தாங்கியவர்கள் அவர்கள். ஐஎச்டிஎஸ் ஆய்வாளர்களே, ஆண்டு வருமானம் 1,000 ரூபாய்க்குக் குறைவாகப் பதிவான குடும்பங்களை வருமானப் பகுப்பாய்விலிருந்து தள்ளிவைத்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் எத்தனை குடும்பங்களை நீக்கினீர்கள், நீக்காவிட்டால் எண் என்ன ஆகிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். எதிர்மறை எண்களோடு கினி 1-ஐத் தாண்டக்கூடும். ஏற்றத்தாழ்வின் இன்னொரு அளவான தைல் குறியீட்டில் மடக்கை வருவதால் எதிர்மறைக்குக் கணக்கே ஓடாது. மென்பொருள் அந்தக் குடும்பங்களைத் தானாகவே விட்டுவிடும்.

வருமானமா, நுகர்வா என்ற தேர்வு எண்ணை எவ்வளவு புரட்டிப்போடும் என்று பாருங்கள். ஐஎச்டிஎஸ்ஸில் வருமானத்தின் கினி 0.5-ஐத் தாண்டுகிறது. அதே குடும்பங்களின் நுகர்வை வைத்தால் 0.4-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. காரணம் எளிது. வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஆடும், சாப்பாடு அவ்வளவு ஆடாது. பணக்காரர்கள் வருமானத்தின் பெரும்பகுதியைச் சேமிக்கிறார்கள்.

2025 ஜூலையில், உலகில் நான்காவது சமத்துவமான நாடு இந்தியா என்று செய்தி வந்தது. அதன் அடிப்படை, 2022-23-க்கு உலக வங்கி தந்த 25.5 என்ற கினி, 100-க்குக் கணக்கிட்டது. அது நுகர்வை வைத்து வந்த எண். பட்டியலில் இருந்த பல நாடுகளின் எண்களோ வருமானத்தை வைத்தவை. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. உலக வங்கியின் அதே ஆண்டுக் குறிப்பே, தரவின் குறைகளால் ஏற்றத்தாழ்வு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்றும், உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி வருமானக் கினி 2004-இல் 52-ஆக இருந்து 2023-இல் 62-ஆக உயர்ந்தது என்றும் சொன்னது. கோடிக்கணக்கானவர்களின் நிலையைப் பற்றிப் பேசும் எண் இது. எதன் கினி என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

5. விலையைச் சரிசெய்யுங்கள்

இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது விலைவாசியையும், ஒரே ஆண்டுக்குள் ஊருக்கும் நகரத்துக்கும், மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள விலை வேறுபாட்டையும் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி வகுத்த வறுமைக் கோடுகளே கைகொடுக்கும்; ஒரே வாழ்க்கைத்தரத்துக்கு அந்தந்த ஆண்டிலும் இடத்திலும் என்ன செலவாகும் என்பதை அவை காட்டுகின்றன. அகில இந்தியக் கோடு ஆள் ஒன்றுக்கு மாதம் 2004-05-இல் கிராமத்துக்கு 447 ரூபாய், நகரத்துக்கு 579. 2011-12-இல் 816, 1,000. கிராமத்தில் 816-ஐ 447-ஆல் வகுத்தால் 1.83 வருகிறது. அதாவது 2004-05-இல் 50,000 ரூபாய் வருமானமுள்ள கிராமத்துக் குடும்பம் அதே நிலையில் இருக்க 2011-12-இல் சுமார் 91,000 வேண்டும். நகரத்துக்கு அந்தப் பெருக்கல் எண் 1.73. மாநில வாரியாகவும் கோடுகள் உண்டு, அவற்றையே பயன்படுத்துங்கள். விலையைச் சரிசெய்யாமல் "எல்லோருக்கும் வருமானம் கூடியிருக்கிறது" என்று முடிவு கட்டுவது வீண்.

6. எடை சேருங்கள்

மாதிரியில் எல்லாப் பகுதிகளும் தங்கள் மக்கள்தொகை விகிதத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை குடும்பங்களின் சார்பில் நிற்கிறது என்பதே அதன் எடை.

தரவில் இருப்பது பெரும்பாலும் குடும்ப எடை. ஆட்களைப் பற்றிப் பேச, அதைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஏழைக் குடும்பங்கள் பெரியவை என்பதால் இதை மறந்தால் வறுமை குறைந்து தெரியும்.

எடையைச் சேர்த்ததும் ஒரு சோதனை: ஆள் எடைகளைக் கூட்டுங்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக்கு அருகில் வர வேண்டும். நூறு மடங்கு அதிகமாக வந்தால், எடையில் தசமப் புள்ளி இல்லாமல் கோப்பில் பதிந்திருக்கிறது என்று பொருள். தேசிய மாதிரி ஆய்வின் கோப்புகளில் 100-ஆல் வகுக்கச் சொல்லும் குறிப்பு இருக்கும்.

7. ஏற்றத்தாழ்வைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் கினிக்கு நேரம் வந்திருக்கிறது. இந்த ஐந்து குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எடை எல்லாவற்றுக்கும் சமம்.

அ: 6 பேர், ஆண்டு வருமானம் 72,000, தலா 12,000
ஆ: 5 பேர், 90,000, தலா 18,000
இ: 4 பேர், 96,000, தலா 24,000
ஈ: 3 பேர், 1,20,000, தலா 40,000
உ: 2 பேர், 1,50,000, தலா 75,000

குடும்ப மொத்த வருமானத்தை வைத்தால் கினி 0.14. தலா வருமானத்தை வைத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒன்றாக எண்ணினால் 0.35. தலா வருமானத்தை வைத்து, 20 பேரையும் ஆளாக எண்ணினால் 0.337. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது.

கையால் போடும் முறை: தலா வருமானப்படி ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆட்களின் பங்கையும், வருமானத்தின் திரள் பங்கையும் (முதல் வரியிலிருந்து அதுவரை கூட்டிய பங்கு) எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆட்களின் பங்கை, அந்த வரியின் திரள் வருமானப் பங்கும் முந்தைய வரியின் திரள் வருமானப் பங்கும் சேர்ந்த கூட்டால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 1-இலிருந்து கழியுங்கள். ஸ்டேட்டா, ஆர் என்று எந்த மென்பொருளானாலும், பெரிய தரவைத் தொடும் முன் இந்த ஐந்து வரிகளைக் கொடுத்து 0.337 வருகிறதா பாருங்கள். 0.355 வந்தால் உங்கள் கட்டளை சிறு மாதிரித் திருத்தம் சேர்க்கிறது. 0.14 வந்தால் தவறான பத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

கினியோடு நிற்காதீர்கள். அது நடுத்தட்டின் மாற்றங்களுக்கு அதிகம் அசைகிறது, இரு முனைகளுக்குக் குறைவாக. மேல் 10 விழுக்காட்டினரின் பங்கைக் கீழ் 40 விழுக்காட்டினரின் பங்கால் வகுக்கும் பால்மா விகிதத்தையும் சேர்த்துத் தாருங்கள். கிராமம்-நகரம், சாதி, மாநிலம் என்று பிரித்து, குழுக்களுக்கு இடையே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் தைல் குறியீடு. கினி அப்படிச் சுத்தமாகப் பிரியாது.

ஒரு வரம்பை எங்கும் மறைக்க வேண்டாம். பெரும் பணக்காரர்கள் கணக்கெடுப்பாளருக்குக் கதவைத் திறப்பது அரிது, திறந்தாலும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. எடை போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. கிடைக்கும் கினியைக் கீழ் எல்லையாகவே படியுங்கள்.

8. வறுமையை மூன்று அளவுகளில் பாருங்கள்

முதலில் கோடு. இந்தியக் கோடுகள் நுகர்வுக்காக வகுக்கப்பட்டவை. டெண்டுல்கர் கோட்டை எடுத்து வருமானத்தோடு ஒப்பிடுவது பெரிய தவறு; செலவோடுதான் ஒப்பிட வேண்டும். எந்தக் கோடு என்பதும் முக்கியம். 2011-12-க்கு ரங்கராஜன் குழு சொன்னது கிராமத்துக்கு 972, நகரத்துக்கு 1,407 ரூபாய். டெண்டுல்கர் கோட்டைவிட நகரத்தில் 40 விழுக்காடு உயரம்.

கேட்கும் கால அளவும் கோட்டோடு பொருந்த வேண்டும். காய்கறிச் செலவைக் கடந்த 7 நாளுக்குக் கேட்டால் ஒரு விடை, 30 நாளுக்குக் கேட்டால் குறைவான விடை, மறதி அப்படி. 1999-2000 சுற்றில் இரண்டு கால அளவுகளையும் ஒரே படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டதால், அந்த ஆண்டின் வறுமை எண்ணைப் பழைய எண்களோடு ஒப்பிடலாமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் ஓடியது. 2022-23-இல் ஒரே சந்திப்புக்குப் பதிலாக மூன்று சந்திப்புகளில் கேட்டார்கள். எனவே 2011-12-ஓடு நேரடியாக ஒப்பிட்டு முழு மாற்றத்தையும் வாழ்க்கையின் மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். ரேஷனில் இலவசமாக வந்த அரிசிக்கு விலை போட்ட கணக்கு, போடாத கணக்கு என்று இரண்டையும் அந்தக் கணக்கெடுப்பு தருகிறது. தமிழ்நாட்டைப் பற்றி எழுதும்போது எதை எடுத்தீர்கள் என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

நம் ஐந்து குடும்பங்களுக்கு வருவோம். பயிற்சிக்காக, அந்தத் தலா தொகைகளைச் செலவு என்றே வைத்து, ஆண்டுக்குத் தலா 20,000-ஐக் கோடாகக் கொள்வோம். குடும்பக் கணக்கில் 5-இல் 2, அதாவது 40 விழுக்காடு ஏழை. ஆள் கணக்கில் 20-இல் 11, 55 விழுக்காடு.

அடுத்தது வறுமை இடைவெளி: கோட்டிலிருந்து எவ்வளவு கீழே என்பதன் சராசரி. அ குடும்பம் கோட்டுக்கு 40 விழுக்காடு கீழே, ஆ 10 விழுக்காடு கீழே. 20 பேருக்கும் சராசரி எடுத்தால் 0.145. எல்லோரையும் கோட்டுக்குக் கொண்டுவர 58,000 ரூபாய் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். மூன்றாவது, ஒவ்வொருவரின் இடைவெளியையும் வர்க்கப்படுத்தி எடுத்த சராசரி: 0.0505. மிக ஏழைகளுக்கு இது அதிக மதிப்புக் கொடுக்கிறது.

ஏன் மூன்றும் வேண்டும்? 10,000 ரூபாயை ஆ குடும்பத்துக்குக் கொடுங்கள். அவர்கள் கோட்டைத் தொட்டுவிடுவார்கள். வறுமை விகிதம் 55-இலிருந்து 30-க்கு விழும். அ குடும்பத்தின் ஆறு பேருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. விகிதத்தை மட்டும் பார்த்தால் மாபெரும் வெற்றி. இடைவெளி 0.145-இலிருந்து 0.12-க்குத்தான் இறங்கியிருக்கும். கோட்டுக்கு அருகில் இருப்பவர்களை மட்டும் தூக்கிவிடும் திட்டங்கள் நன்றாகத் தெரிவது இதனால்தான். அடிமட்டத்தில் இருப்பவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போகக் கூடாது என்றால் மூன்றையும் வெளியிட வேண்டும்.

9. நகர்வுக்கு இரண்டு சுற்றுகளையும் இணையுங்கள்

குடும்ப அடையாள எண்ணைக் கொண்டு இரண்டு கோப்புகளை இணைக்கும்போது, இடையில் பாகம் பிரிந்த குடும்பங்கள் குறுக்கே வரும். 2004-05-இல் ஒன்றாக இருந்த குடும்பம் 2011-12-இல் மூன்று உலையாகியிருக்கும். மூன்றையும் பழைய குடும்பத்தோடு இணைத்துவிட்டு, முதல் சுற்றின் எடையை அப்படியே போட்டால் அந்தக் குடும்பம் மூன்று முறை எண்ணப்படும். குடும்பத்தை விட்டுவிட்டு ஆட்களை இணைப்பதே தெளிவான வழி: அன்று இருந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய தலா தொகை, இன்றைய தலா தொகை.

முகவரி மாறி விடுபட்டவர்கள் நகர்ப்புறத்தில் அதிகம். விடுபட்டவர்களின் முதல் சுற்று வருமானத்தையும் மீண்டும் கிடைத்தவர்களின் முதல் சுற்று வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு பெரிதானால் எடையைத் திருத்த வேண்டும்.

அதன்பின் மாற்ற அட்டவணை: முதல் சுற்றின் நிலை வரிசைகளில், இரண்டாம் சுற்றின் நிலை பத்திகளில். ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 பேரில் முதலில் 400 பேர் ஏழை. அவர்களில் 240 பேர் வெளியேறினார்கள், ஏழையல்லாத 600 பேரில் 80 பேர் வறுமையில் விழுந்தார்கள். புதிய விகிதம் 24 விழுக்காடு. நிகரக் குறைவு 16 புள்ளிதான்; ஆனால் இடம் மாறியவர்கள் 320 பேர். ஏழைகளில் 60 விழுக்காட்டினர் வெளியேறினர் என்பது வரிசையாகப் படித்த விடை. இன்றைய ஏழைகளில் மூன்றில் ஒருவர் புதிதாக விழுந்தவர் என்பது பத்தியாகப் படித்த விடை. இரண்டும் வெவ்வேறு கொள்கைகளைக் கேட்கின்றன: முன்னதற்கு ஏற்றிவிடும் வழி, பின்னதற்கு விழாமல் தாங்கும் மருத்துவக் காப்பீடு போன்றவை. வரிசையையும் பத்தியையும் குழப்பிக்கொள்வதை நான் மிக அதிகம் பார்க்கிறேன்.

அளவுப் பிழை நகர்வை ஊதிக்காட்டும். ஒருவர் முதல் சுற்றில் வருமானத்தைக் குறைத்துச் சொல்லி, அடுத்ததில் சரியாகச் சொன்னால், அவர் மேலே ஏறியதாகவே பதிவாகும். இதற்கு மூன்று சோதனைகள் போதும். கோட்டுக்கு மேலும் கீழும் 10 விழுக்காடு இடைவெளி விட்டு, அதைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அதே அட்டவணையை நுகர்வை வைத்தும் போடுங்கள். வீட்டுச் சொத்துகளின் பட்டியலை வைத்தும் போடுங்கள். மூன்றிலும் தெரியும் நகர்வை நம்பலாம்.

தலைமுறை நகர்வில் ஒரு பொறி உண்டு. தந்தையும் மகனும் ஒரே வீட்டில் இருந்தால்தான் இருவர் வருமானமும் கோப்பில் இருக்கும். வெளியூர் போய்ப் பிழைத்துக்கொண்ட மகனும், கட்டிக்கொடுத்த மகளும் அதில் இல்லை. வருமானத்துக்குப் பதில் கல்வியையோ தொழிலையோ எடுத்தால், உடன் வாழாத தந்தையைப் பற்றிய கேள்விகளிலிருந்து ஓரளவு மீட்கலாம்.

10. பிழையளவைத் தாருங்கள்

மாதிரி கிராமம் கிராமமாக, வார்டு வார்டாக எடுக்கப்படுகிறது. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், அடுக்கும் (மாதிரி எடுக்கும் முன் பிரித்த தொகுதி) முதல்நிலைக் கூறும் (முதலில் தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது வார்டு) மென்பொருளுக்குச் சொல்லாமல் கணக்கிடும் திட்டப்பிழை பெரும்பாலும் உண்மையைவிடச் சிறிதாக வரும். ஆர் மொழியின் சர்வே, கான்வே தொகுப்புகள் இதைக் கவனித்துக்கொள்ளும். கினி 0.52-இலிருந்து 0.53 ஆனது என்று எழுதும் முன் அந்த இடைவெளி பிழையளவுக்குள் அடங்குகிறதா பாருங்கள். ஐஎச்டிஎஸ்ஸை வைத்து மாவட்ட அளவில் எண் தர முயல வேண்டாம். மாதிரி அதற்குப் போதாது.

11. அட்டவணையின் கீழ் எழுத வேண்டியவை

வருமானமா நுகர்வா, தலா அளவா வேறு அளவுகோலா, ஆள் எடையா குடும்ப எடையா, எந்த ஆண்டு விலை, எந்தக் கோடு, எந்தக் கால அளவு, எத்தனை குடும்பங்கள் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டன, நகர்வானால் எத்தனை பேர் விடுபட்டார்கள். நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். கணக்கிட்ட கட்டளைக் கோப்பையும் கூடவே வையுங்கள், இன்னொருவர் அதே தரவை இறக்கி ஓட்டினால் அதே எண் வர வேண்டும்.